ஒன்பதாவது வீடு வரை

போன மாதம் ஒரு நாள் காலையில் என் மகள் ஜெனி திருச்சியிலிருந்து ஃபோன் செய்தாள். அங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் அவளுக்கு வேலை. பழைய கேசட்டுகளில் இருக்கும் பேச்சுகளைக் கணினியில் ஏற்றும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

"எல்லாம் ஏத்தி முடிச்சாச்சும்மா. ஒரு லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டுட்டா கேசட்டை எல்லாம் ஏறக்கட்டிடலாம். அப்புறம் நாலு நாள் லீவு போட்டுட்டு ஊருக்கு வர்றேன்."

"என்ன லிஸ்ட்?"

"கழிவு லிஸ்ட்தான். உனக்குத் தெரியாததா?"

"போட்டுட்டியா?"

"நாளைக்குப் போடணும்."

"போடாத."

ஏன் என்று கேட்டாள். ஃபோனில் சொல்கிற விஷயமில்லை என்றேன். "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று அவள் பயந்துவிட்டாள். ஒன்றுமில்லை, எழுதி அனுப்புகிறேன், அதுவரை கையெழுத்துப் போடாதே என்று சொல்லி வைத்துவிட்டேன். வேலையை விட்டு வந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்று நம் நூலகர்கள் இதழிலும் கேட்டிருந்தார்கள். ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்களுடையது தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். அப்பா மிஷன் பள்ளியில் தமிழாசிரியர். நான் நூலக அறிவியல் சான்றிதழ்ப் படிப்பு முடித்து, இரண்டு வருடம் தினக்கூலிப் பணியாளராக இருந்து, பிறகு நன்னிலம் வட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கணவருக்கு நீடாமங்கலம் ரயில் நிலையத்தில் வேலை என்பதால் வீடு அங்கே. தினமும் பாசஞ்சர் ரயிலும் டவுன் பஸ்ஸுமாகப் போய் வருவேன். சம்பா நடவு நாட்களில் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்தான் தெரியும். ரயில் வண்டி ஏதோ படகு போலப் போகும். வேலையில் சேர்ந்த புதிதில் அதைப் பார்ப்பதற்காகவே ஜன்னலோரம் இடம் பிடிப்பேன். பயிற்சிக் காலத்தில் என்ன படித்தேன் என்பது இப்போது அவ்வளவாக நினைவில்லை. வேலையைக் கற்றதெல்லாம் அந்தக் கிளை நூலகத்து நூலகர் சந்தானம் சாரிடம்தான்.

சந்தானம் சார் குள்ளமானவர். எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. பசை டப்பாவைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பார். புளித்த வாடை வந்தால் அந்தப் பசை புத்தகத்துக்கு ஆகாது, கொட்டிவிட வேண்டும். ஒரு புதுப் புத்தகம் நூலகத்துக்குள் வந்தால் அதற்கு அவர் செய்யும் சடங்குகள் ஒரு குழந்தைக்குச் செய்வதற்குக் குறையாது. தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, கடைசிப் பக்கத்தில் ஒரு முத்திரை. அது போக முப்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு முத்திரை. இந்த முப்பத்து மூன்றுக்கு ரகசியப் பக்கம் என்று பெயர். திருடுகிறவன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கிழித்துவிட்டாலும் இதைக் கவனிக்க மாட்டான். முதுகில் எண் எழுதிய காகிதச் சீட்டு. பிறகு பதிவேட்டில் வரிசை எண், தலைப்பு, குறிப்பு. குறிப்புப் பத்தியைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அட்டையைப் பார்த்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்.

"ஸ்டெல்லா, உள்ள என்ன இருக்குன்னு எழுதச் சொன்னா, வெளிய என்ன இருக்குன்னு எழுதிருக்கீங்களே" என்பார். குரலை உயர்த்த மாட்டார். பதிவேட்டை நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குத் திட்டே மேல்.

அவருக்கு ஒரு வாக்கியம் உண்டு. முத்திரை இல்லாத பொருள் நூலகத்துப் பொருள் இல்லை. சுவர்க் கடிகாரத்தின் பின்புறம்கூட முத்திரை இருந்தது. தண்ணீர்ப் பானையின் மூடியில் இருந்தது. "சாரோட வேட்டியில இருக்கான்னு பாருங்கம்மா" என்று பேப்பர் படிக்க வருபவர்கள் என்னிடம் கிசுகிசுப்பார்கள்.

நான் சேர்வதற்கு முன்பே அந்த நூலகத்து வாசகர் வட்டத்தார் ஒரு காரியம் செய்திருந்தார்கள். தபால் ஆபீஸில் வேலை பார்த்த மாணிக்கம் என்பவர் சொந்த டேப்ரெகார்டரைத் தூக்கிக்கொண்டு சுற்று வட்டாரக் கிராமங்களுக்குப் போய், கூலிப் போராட்டத்தையும் குத்தகைச் சண்டைகளையும் கண்ணால் கண்ட வயதானவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்திருந்தார். மொத்தம் பத்தொன்பது கேசட். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு நூலகத்துக்குக் கொடுத்தார். அதற்கும் முத்திரை, எண், எல்லாம் நடந்தது. மாணிக்கம் நான் சேர்ந்த மறு வருடம் இறந்துபோனார்.

அதில் பதினோராவது கேசட்டைப் பற்றித்தான் இவ்வளவும். அதில் பேசியவர் ஒரு கிராமத்துப் பழைய கணக்குப்பிள்ளை. பரம்பரைக் கணக்குப்பிள்ளை வேலையை அரசு எடுத்துவிட்ட பிறகு வீட்டோடு இருந்தவர். அந்தக் கிராமத்தில் வாய்க்கால் கரையோரம் ஒரே பண்ணையில் வேலை பார்த்த பதினேழு குடும்பங்கள் குடிசை போட்டுக் குடியிருந்தன. குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்தபோது, யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று கணக்குப்பிள்ளை எழுதியிருக்க வேண்டும். பண்ணையார் எழுதாதே என்றார். இவர் எழுதவில்லை. வயதான காலத்தில் மாணிக்கத்தின் டேப்ரெகார்டருக்கு முன்னால் உட்கார்ந்து, அன்றைக்கு எழுதாத பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார். சில மாதங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

பிறகு கணினி வந்தது. ஒரு திட்டத்தில் வந்தது. எங்கள் பக்கத்தில் ஆட்சி மாறினால் சுவரில் படம் மாறும், திட்டத்தின் பெயர் மாறும், முன்பிருந்தவர்கள் வாங்கிப் போட்ட பெட்டியை உறை போட்டு மூடிவிடுவார்கள். இது தெரிந்ததால் எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று மேலே இருந்தவர்களுக்கு அவசரம். கேசட்டில் இருப்பதை சிடிக்கு மாற்றுங்கள், மாற்றிய பின் மூலப் பொருளைக் கழிவு செய்யுங்கள் என்று சுற்றறிக்கை வந்தது. தஞ்சாவூரிலிருந்து ஒரு ஒப்பந்தக்காரர் கேசட்டுகளை வாங்கிப் போய்ப் பத்தொன்பது சிடியாகக் கொண்டுவந்தார். பளபளவென்று முகம் பார்க்கிற மாதிரி இருந்தன.

சந்தானம் சார் அவற்றை மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இதுல தலைப்புப் பக்கம் எது ஸ்டெல்லா?"

"மேல் பக்கம்தான் சார். பளபளன்னு இருக்கற அடிப் பக்கத்துலதான் பேச்சு இருக்குன்னு சிடி கொண்டுவந்த தம்பி சொன்னார். அதத் தொடக்கூடாதாம்."

"தொட வேணாம். மேல குத்துவோம்."

முத்திரை மை சிடியில் காயவில்லை. விரல் பட்டால் இழுவிக்கொண்டது. சார் விடவில்லை. அச்சகத்தில் பிளாஸ்டிக் பைகளில் குத்துகிற மை ஒரு பாட்டில் வாங்கி வரச் சொன்னார். ஸ்பிரிட் வாடை அடித்தது. குத்திய மாத்திரத்தில் காய்ந்தது. சாருக்குப் பெரிய திருப்தி. அவர் குத்தக் குத்த நான் ஊதினேன். சிடியின் ஓரத்தில், வெளிவட்டத்தை ஒட்டி, நூலகத்தின் பெயர் வட்டமாக ஊதா நிறத்தில் விழுந்தது. பக்கத்தில் எண் எழுதிய சீட்டைப் பசை தடவி நான் ஒட்டினேன். பத்தொன்பதுக்கும் ஒட்டினேன். ஒன்றில்கூட அடிப் பக்கத்தில் எங்கள் விரல் படவில்லை. அவ்வளவு கவனம்.

அந்த வகை சிடியில் பேச்சு அடிப் பக்கத்தில் இல்லை என்பதும், மேல் பக்கத்துத் தோலுக்குக் கீழேதான் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் பிறகு தெரிந்தது. அடிப் பக்கம் கனமான பிளாஸ்டிக். கீறினாலும் தாங்கும். நாங்கள் பத்திரமான பக்கத்தைப் பாதுகாத்து, பத்திரமில்லாத பக்கத்தில் ஸ்பிரிட்டைத் தடவினோம்.

மிச்சமிருந்தது குறிப்புப் பத்தி. "ஒவ்வொண்ணையும் முழுசாக் கேட்டு, உள்ள யார் யாரைப் பத்திப் பேசியிருக்குன்னு எழுதிடுங்க. எழுதிட்டுக் கழிவு லிஸ்ட்ல கையெழுத்துப் போடுங்க" என்றார் சார். பத்து சிடிகளை முழுதாகக் கேட்டேன். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பதினோராவதைப் போட்ட அன்று மத்தியானம் ஜெனியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாய் அடிக்கிறது, வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். அப்போது அவளுக்கு எட்டு வயது. வட்டாரம் முழுக்க மூளைக் காய்ச்சல் பற்றிப் பேச்சாக இருந்த சமயம். மத்தியான ரயிலை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான்.

கணக்குப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். "வாய்க்கால் கரையில மொத்தம் பதினேழு வூடு. கெழக்கேருந்து சொல்றேன். மொத வூடு குப்பன். ரெண்டாவது சின்னப்பொண்ணு, அவ புருஷன் செத்துட்டான். மூணாவது மாரி..." அத்தோடு நிறுத்தினேன். பதிவேட்டில், 'வாய்க்கால் கரை பதினேழு வீடுகள். குப்பன், சின்னப்பொண்ணு, மாரி முதலியோர்' என்று எழுதினேன். மற்ற எட்டு சிடிகளுக்கும் முதல் இரண்டு நிமிடம் கேட்டு ஒரு வரி. கழிவுப் பட்டியலில் 'முழுதும் கேட்டுச் சரிபார்த்தேன், மூலம் இனித் தேவையில்லை' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஜெனிக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல். மூன்றாம் நாள் பள்ளிக்குப் போய்விட்டாள். கேசட்டுகள் பழைய பேப்பரோடு போய்விட்டன. சந்தானம் சார் அந்த வருடமே ஓய்வு பெற்றார். ஆட்சி மாறியது. கணினிக்கு உறை போட்டார்கள். சிடிகள் பீரோவில் இருந்தன. பன்னிரண்டு மழைக்காலம் அந்த பீரோவை யாரும் திறக்கவில்லை. நான் நூலகர் ஆகியும் திறக்கவில்லை. பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணம்தான்.

ஒரு திங்கட்கிழமை ஒரு பெண் வந்தார். ஐம்பது வயது இருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"இங்க ஸ்டெல்லாம்மாங்கறது?"

"நான்தான். உட்காருங்க."

"எம் பேரு தெய்வானைங்க. வாய்க்காக் கரை. எங்க தெருவப் பத்திக் கணக்குப்பிள்ள பேசுன டேப்பு ஒண்ணு இங்க இருக்குன்னாங்க."

பண்ணையாரின் வாரிசுகள் அந்த நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர், குடிசைக்காரர்கள் நேற்று வந்தவர்கள் என்கிறார். வியாழக்கிழமை தாசில்தார் விசாரணை. தெய்வானை வீட்டில் பழைய ரேஷன் கார்டு ஒன்று இருந்தது, அது ஒரு புயலில் கூரையோடு போய்விட்டது.

"எங்க ஆத்தா காளியம்மா பேரு அதுல வருமுங்க. புளியமரத்துக்கு அடுத்த வூடு. கெழக்கேருந்து பதினாலாவது."

"இருக்கு. கவலைப்படாதீங்க" என்றேன். பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். என் கையெழுத்தே இருந்தது. தெய்வானை படிக்கத் தெரியாதவர். என் விரல் போகிற இடத்தையே பார்த்தார்.

"எங்க ஆத்தா பேரு எந்த எடத்துலங்க இருக்கு?"

'முதலியோர்' என்ற சொல்மேல் என் விரல் இருந்தது. நகர்த்த முடியவில்லை. சிடியில் இருக்கும் என்றேன்.

சிடியை எடுத்தபோது நான் ஒட்டிய சீட்டு உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதோடு சிடியின் வெள்ளித் தோலும் உரிந்து வந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். சார் குத்திய முத்திரை இருந்த இடத்தில் வெளிச்சம் உள்ளே வந்தது. எங்கள் நூலகத்தின் பெயரை அந்த ஓட்டைகளில் படிக்க முடிந்தது. கணினி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. மற்ற பதினெட்டையும் போட்டுப் பார்த்தேன். நான்குதான் முழுதாக ஓடின.

மறுநாள் தஞ்சாவூரில், கெட்டுப்போன சிடியில் இருப்பதை மீட்டுத் தருகிற ஒரு கடைக்குத் தெய்வானையையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், யார் இதுல சீல் குத்துனது?"

"நாங்கதான்."

"சிடியிலயா? ஆபீஸ் சீலா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "சிடி உள்வட்டத்துலேருந்து வெளிய ஓடும் மேடம். உள்ள இருக்கறது நல்லாருக்கு. வெளிய போகப் போகத்தான் ஒண்ணுமில்ல. எடுக்கற வரைக்கும் எடுத்துத் தர்றேன்."

மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஸ்பீக்கரில் கணக்குப்பிள்ளை பேசினார். அவசரமே இல்லாமல் பேசினார். ஒரு வீட்டைச் சொன்னால், அந்த வீட்டு வாசலில் என்ன மரம், எத்தனை பிள்ளைகள், யாருக்கு இருமல் என்பதையும் சொன்னார். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. தெய்வானை விரல் மடக்கிக்கொண்டே வந்தார். "ஒம்பதாவது வூடு வேலாயி. வாசல்ல முருங்க. ரெண்டும் ஆம்பளப் புள்ள. அதுக்கடுத்து" என்றார் கணக்குப்பிள்ளை. அதற்கு மேல் கரகரவென்று ஒரு சத்தம். மணலை முறத்தில் போட்டுப் புடைப்பது போல. கடைக்காரர் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். எல்லா இடத்திலும் அந்தச் சத்தம்தான்.

"இவ்ளோதான் மேடம்."

தெய்வானை மடக்கிய விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை நானும் போனேன். தாசில்தார் பொறுமையானவர். முழுவதையும் கேட்டார். பதிவேட்டையும் பார்த்தார். "பதினேழு வீடுன்னு இருக்கு. பேர் மூணுதான் இருக்கு. மத்தவங்க பேர எழுதலியாம்மா?" என்று கேட்டார். அவர் குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் எழுதவில்லை என்றேன்.

வேலாயியின் மூத்த மகன் சேகர் எழுந்தார். "சார், எங்களுக்கு அடுத்தது சுப்பன் வூடு, அதுக்கடுத்து ராக்கு. பதினாலாவது தெய்வான அக்கா வூடு. அவங்க ஆத்தா கையில சோறு தின்னுருக்கேன் நான்" என்றார். வெளியூர்க்காரரின் வக்கீல், "அக்கம்பக்கத்துக்காரங்க இப்படித்தான் சொல்வாங்க" என்றார். தாசில்தார் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு வருடம் இழுத்தது. குரலில் பெயர் வந்த ஒன்பது பேருக்கும் பட்டா கிடைத்தது. மற்ற எட்டுப் பேரில் இரண்டு பேர் பழைய காகிதங்களைத் தேடிக் கொடுத்துத் தப்பித்தார்கள். ஆறு வீடுகளைப் பிரித்தார்கள். அதில் தெய்வானையுடையது ஒன்று.

சந்தானம் சாரை அதன் பிறகு ஒருமுறை கும்பகோணத்தில் அவர் மகன் வீட்டில் பார்த்தேன். முத்திரையைப் பற்றிச் சொல்லத்தான் போனேன். அவர் கண் பார்வை குறைந்துபோய், என் கையைப் பிடித்துக்கொண்டு, "பீரோவெல்லாம் பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தேன்.

தெய்வானை ஒருநாள் நூலகத்துக்கு வந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் புறம்போக்கில் கொட்டகை போட்டிருப்பதாகச் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். அந்தக் கேசட்டுல கணக்குப்பிள்ள எங்க ஆத்தாவப் பத்தி என்ன சொன்னாரு?"

"நல்லபடியாத்தான் சொல்லியிருப்பார்."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல. நான் அதுவரைக்கும் கேக்கல."

தலையை ஆட்டினார். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தது அடுத்த மாதம். உடல்நிலை என்று காரணம் எழுதினேன்.

இதுவரை எழுதியதை முதலில் ஜெனிக்கு அனுப்பினேன். அவள் உடனே அழைத்தாள். "அம்மா, அது சிடி காலம். இப்ப சர்வர். மூணு ஊர்ல மூணு காப்பி இருக்கு. ஒண்ணு போனாலும் ரெண்டு இருக்கும்" என்றாள். காய்ச்சலைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. "மூணு காப்பியையும் யாராவது கேட்டீங்களா?" என்றேன். "நூத்துப் பத்து கேசட்டும்மா" என்றாள்.

ஆனால் அவள் கையெழுத்துப் போடவில்லை. தினமும் வேலை முடிந்து இரண்டு கேசட் கேட்கிறாள். ஊருக்கு வருவது தள்ளிப்போய்விட்டது. சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று நான் ஃபோனில் தொல்லை கொடுக்கிறேன். நேற்று நான் அழைத்தபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அம்மா, முப்பத்தெட்டாவது கேசட். சர்வர்ல பாதிக்கு மேல வெறும் இரைச்சல். மூணு காப்பியிலயும் அதே இரைச்சல். கேசட்டை வேற மெஷின்ல போட்டுப் பார்த்தேன், தெளிவா கேக்குது."

"யார் பேசறா அதுல?"

"யாரோ ஒரு பெரியவர். எந்த மடையில யார் வயல், யார் உழுதாங்கன்னு வரிசையாச் சொல்லிக்கிட்டே போறார்."

"பேர் எல்லாம் எழுதறியா?"

"எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன். ஃபோன வைம்மா. அவர் இன்னும் முடிக்கல."

வைத்துவிட்டேன்.